பேச மறுத்த மென்பொருள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரப் பயிற்சியில், பாட்டின் இரண்டாவது வரி முடிகிற இடத்தில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவைப் பாடுகிறவர்கள் ஒரு சுரத்தை இறக்கிப் பாடினார்கள். கீபோர்டின் மேல் ஓடிக்கொண்டிருந்த ஜெஸ்லினின் விரல்கள் சட்டென்று நின்றன.

"அந்த இடம் சரியில்ல. மறுபடி பாடுங்க."

மறுபடியும் அதே சுரம்தான் வந்தது.

"நான் அப்படிப் போடலையே?"

"பேப்பர்ல இப்படித்தான் டீச்சர் இருக்கு" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஜெஸ்லினுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திருச்சி புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அங்கேயே உள்ள சின்னப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவைப் பல வருடங்களாக நடத்தி வருகிறாள். ஒரு பாட்டு அவளுக்குத் தோன்றும்போதே முழுசாகத் தோன்றும். மெட்டு மட்டுமல்ல, நான்கு குரல்களில் எது எங்கே ஏற வேண்டும், எது எங்கே தங்க வேண்டும் என்பது வரைக்கும் தலைக்குள் தயாராகிவிடும். அதைத் தாளில் இறக்குவதில்தான் சிக்கல். அவளுக்குத் தெரிந்தது பிரெய்ல் இசைக்குறிப்பு. குழுவில் வேறு யாருக்கும் அது தெரியாது. அதனால் அவள் ஒவ்வொரு குரலாகக் கீபோர்டில் வாசித்துக் காட்ட, பக்கத்தில் உட்கார்ந்து தைரியராஜ் பென்சிலால் எழுதிக்கொள்வார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். குழுவிலேயே கனத்த குரல் அவருடையது. தங்கமான மனுஷர்.

அவர்தான் இப்போது தொண்டையைச் செருமினார்.

"அது வந்து டீச்சர்... நீங்க போட்டது ஆல்டோவுக்குச் சிரமமா இருக்கும்னு பட்டுச்சு. பாவம் புள்ளைங்கன்னு நான்தான் கொஞ்சம் இறக்கி எழுதிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெஸ்லினும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஓர் இடம் காதில் விழுந்ததால் தெரிந்தது. இதுவரைக்கும் எழுதிய பாட்டுகளில் இன்னும் எத்தனை இடமோ! மேலே தன் பெயரைப் போட்ட தாளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியாது என்பது அவளை அறுத்தது.

"அந்த மனுஷன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்றாள் அம்மா லூர்துராணி.

"அதனாலதாம்மா கோவிச்சுக்கவும் முடியல."

தை பிறந்ததும் பங்குத்தந்தை கூப்பிட்டனுப்பினார். ஈஸ்டர் முடிந்து கோயிலின் பொன்விழா வருகிறது, அதற்குப் புதிதாக ஒரு பாட்டு வேண்டும் என்றார். ஜெஸ்லின் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். இந்தப் பாட்டை வேறு யார் கையும் எழுதாது.

அவளிடம் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சின்னப் பெட்டி, தட்டச்சு செய்ய ஒரு கீபோர்டு, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். திரை கிடையாது. திரையால் அவளுக்கு என்ன பிரயோஜனம்? லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு, திரையில் வர வேண்டியதை எல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் ஒன்றை வைத்துக்கொண்டு, மெயில், பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்வாள். பல வருடப் பழக்கத்தில் அந்தக் குரல் ஓடுகிற வேகம் வேறு யாருக்கும் பிடிபடாது. கடுகு வெடிப்பது போலப் படபடவென்று பொரியும்.

இசைக்குறிப்பு எழுதுவதற்கென்றே இருக்கும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினாள். பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தலாம் என்று அதன் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆசையோடு திறந்தாள். சத்தம் இல்லை. டேப் விசையைத் தட்டினாள். அம்புக்குறிகளைத் தட்டினாள். ஒரு சொல்கூட வரவில்லை. திறக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி திறந்தாள். மெயிலுக்குப் போனால் குரல் பழையபடி கலகலவென்று பேசியது. இதற்கு வந்தால் வாயடைத்துப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியே வந்த காற்று முகத்தில் அடித்தது. சித்திரை வீதி அருகே இறங்கும்போது ஆனந்தவள்ளி நிறுத்தத்திலேயே காத்திருந்தாள்.

ஆனந்தவள்ளிக்குச் சொந்த ஊர் திருவெள்ளறை. கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்து, வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்காக சர்வர்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறாள். ஜெஸ்லினைவிட ஏழெட்டு வயது மூத்தவள். திருச்சியில் மாதம் ஒரு முறை கூடும் லினக்ஸ் ஆர்வலர் கூட்டத்தில் இருவருக்கும் பழக்கம். சிக்கல் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கை பரபரக்கும்.

பெட்டியைத் தன் திரையோடு இணைத்து, ஜெஸ்லின் வீட்டில் செய்தபடியே மென்பொருளைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா?"

"திறக்கவே இல்லன்னியே. ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு ஜன்னல் திறந்து கிடக்கு! எல்லாம் பளிச்சுனு இருக்கு. பட்டன் இருக்கு, மெனு இருக்கு, அஞ்சு கோடு இருக்கு."

"எனக்கு அங்க ஆளே இல்லக்கா."

ஆனந்தவள்ளியின் சிரிப்பு அடங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாள். லினக்ஸில் முகப்பு ஒன்றே ஒன்று அல்ல. க்னோம் என்று ஒரு கூட்டம், கேடிஈ என்று ஒரு கூட்டம், இன்னும் சில. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று கருவிகளை வைத்துக்கொண்டு முகப்பைக் கட்டியிருக்கிறது. ஜெஸ்லினிடம் இருப்பது க்னோம். இந்த மென்பொருளோ, கேடிஈக்காரர்கள் பயன்படுத்தும் கருவிகளைக் கொண்டு கட்டியது.

"கலந்து வச்சுக்கலாம். எல்லாரும்தான் வச்சிருக்கோம். என்னைக் கேட்டா ஐகான் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், ஃபைல் திறக்கிற பெட்டி வேற மாதிரி வரும், அவ்வளவுதான்னு சொல்லியிருப்பேன். உனக்கு மொத்தமே போயிடுது பாரு."

"இப்ப என்ன பண்றது?"

"கேடிஈயையே முழுசா போட்டுருவோம். அந்த வீட்டு ஆப், அந்த வீட்லயே ஓடட்டும்."

மத்தியானம் வரை அது இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கேள்வி வந்தது: உள்நுழையும் திரைக்கு எதை வைத்துக்கொள்ள, பழையதா புதியதா என்று. ஆனந்தவள்ளி யோசிக்காமல் புதியதைத் தேர்ந்தெடுத்தாள். வேலை முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் போய்ப் போட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பெட்டியோடு ஜெஸ்லின் பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்நுழையும் இடம் வந்ததும் வழக்கமாக ஒரு சின்ன முரசு ஒலி கேட்கும், பிறகு அவள் பெயரைக் குரல் சொல்லும். இன்று எதுவும் இல்லை. காத்திருந்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். பெட்டியின் காற்றாடி மட்டும் மெல்ல இரைந்தது. பள்ளிக்கூடத்து வேலை, மெயில், சேர்த்து வைத்த பாட்டு எல்லாம் அதற்குள்ளேதான். சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு கதவு எங்கே என்று துழாவுவது போலிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றால் பார்ப்பதற்குத் திரையும் இல்லை.

கடைசியில் ஒரு வேகத்தில், இப்போது உள்நுழையும் இடத்தில்தான் நிற்கிறோம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லை அடித்து என்டரைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, ஸ்கிரீன் ரீடரை எழுப்பும் விசைகளை ஒருசேர அழுத்தினாள். ஸ்பீக்கர் கரகரத்தது. குரல் வந்துவிட்டது!

வந்ததே தவிர, உள்ளே எல்லாமே புதுசாக இருந்தது. கீழ்ப்பட்டையில் பாதி ஊமையாகக் கிடந்தது. மெயிலைத் திறந்தால் சேமித்து வைத்த கடவுச்சொல்லை இந்த முகப்பு கண்டுகொள்ளவில்லை. தமிழில் தட்டச்சுக்கு மாறும் விசைகள் வேலை செய்யவில்லை. "இதுக்குத்தானா இவ்வளவு பாடு" என்று முனகிக்கொண்டே, அடித்துப் பார்ப்போம் என்று அந்த இசை மென்பொருளின் பெயரை அடித்தாள்.

"நியூ ஸ்கோர். பட்டன்" என்றது குரல்.

ஜெஸ்லின் போட்ட கூச்சலில் லூர்துராணி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அதற்குள் மகள் போனை எடுத்துவிட்டிருந்தாள்.

"அக்கா! அது ஊமை இல்லக்கா! பேசுது!"

உள்நுழையும் திரை பேசாமல் போன கதையைக் கேட்டதும் ஆனந்தவள்ளி பதறிவிட்டாள். "ஐயோ, நான் ஒரு கேள்விக்குப் புதுசுன்னு தட்டுனேன், அதுக்கு நீ இவ்வளவு அவதிப்பட்டிருக்க. எனக்கு உறைக்கவே இல்லையே, ஜெஸ்லின்."

"விடுங்கக்கா. அது நடக்காம இருந்தா இது தெரிஞ்சிருக்காது. அதே பெட்டி, அதே ஆப். அங்க கேடிஈல பேசுது, இங்க க்னோம்ல பேசல. அப்போ அதுக்குப் பேசத் தெரியாம இல்ல. இங்க யாரும் அதப் பேசச் சொல்லல, அவ்வளவுதான். அங்க யாரோ சொல்றாங்க. யாரு, எப்படிச் சொல்றாங்கன்னு பாத்தாப் போதும்."

"சனிக்கிழமை வரைக்கும் என்னால பொறுக்க முடியாது" என்றாள் ஆனந்தவள்ளி. "நாளைக்கு ஸ்கூல் விட்டதும் வந்துரு."

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் சித்திரை வீதி வீட்டில் நடந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஜெஸ்லின் முதலில் தன் பழைய உள்நுழைவுத் திரையைத் திருப்பி வைக்கச் சொன்னாள். முரசு ஒலி கேட்ட பிறகுதான் காப்பியையே வாயில் வைத்தாள். பிறகு ஆனந்தவள்ளி ஒரு முறை கேடிஈக்குள் போய், தொடங்கும்போது அது ஆப்களுக்கெல்லாம் சொல்லிவைக்கும் அமைப்புகளைத் திரட்டினாள். ஒரு முறை க்னோமுக்குள் போய் அதேபோலத் திரட்டினாள். இரண்டும் நீளமாக இருந்தன. வரி வரியாக ஒத்துப் பார்க்க அவள் கண்ணாடியை மாட்டுவதற்குள், ஜெஸ்லின் இரண்டையும் குரலில் ஓடவிட்டுவிட்டாள். படபடவென்று பொரிந்து தள்ளியது.

"இது உனக்குப் புரியுதா?"

"உஷ்... இருங்கக்கா."

இரண்டாவது பாதி ஓடும்போது சட்டென்று நிறுத்தினாள். "அங்க ஆக்சஸிபிலிட்டின்னு, எங்களுக்கான வசதியப் பத்தி ஒரு வரி வந்துச்சு. இங்க அது இல்ல."

ஆனந்தவள்ளி அந்த வரியைப் பார்த்தாள். பார்த்ததும் தொடையில் தட்டிக்கொண்டாள். ஸ்கிரீன் ரீடர் இல்லாதவர்களின் கம்ப்யூட்டருக்கு வேலை கூடாமல் இருக்கட்டும் என்று, கேடிஈயின் கருவிகளில் கட்டிய மென்பொருள்கள் தொடங்கும்போதே, இங்கே கேட்பவர் யாராவது உண்டா என்று ஒரு முறை விசாரிக்கும். கேடிஈயில் உண்டு என்று பதில் போய்விடுகிறது. க்னோமில் அது விசாரித்த இடத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. அதனால் பேசாமல் இருந்துவிடுகிறது.

"அப்ப விசாரிக்கவே வேண்டாம், எப்பவும் பேசுன்னு சொல்ல முடியாதா?"

"முடியும். அதுக்கும் ஒரு வரி இருக்கு. எங்கயோ படிச்சிருக்கேன், இரு..."

தேடி எடுத்து, ஜெஸ்லினின் அமைப்புக் கோப்பில் அந்த ஒரே வரியைச் சேர்த்தாள். அணைத்துப் போட்டார்கள். முரசு ஒலித்தது. பெயரைச் சொன்னது. ஜெஸ்லின் தன் பழைய க்னோமுக்குள், தன் பழைய வேகத்தில், இசை மென்பொருளைத் திறந்தாள்.

"நியூ ஸ்கோர். பட்டன்."

ஆனந்தவள்ளி எழுந்து நின்று கை தட்டினாள். அந்த நேரத்தில் வெளியே பூக்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போக, அவரைக் கூப்பிட்டு மல்லிகை வாங்கி ஜெஸ்லினின் தலையில் வைத்துவிட்டாள்.

ஆனால் வேலை முழுசாக முடியவில்லை. சுரங்கள் ஏறின, இறங்கின, ஒவ்வொன்றின் பெயரையும் நீளத்தையும் குரல் ஒழுங்காகச் சொன்னது. சுரத்துக்குக் கீழே பாட்டு வரியைச் சேர்க்கும் இடத்தில் ஜெஸ்லின் தமிழுக்கு மாறி "வானம்" என்று அடித்தாள்.

"வி, க்யூ, ஐ, கே, எஃப்" என்றது குரல்.

"அடப்பாவி" என்றாள் ஜெஸ்லின். மெயிலில் அதே விசைகளை அடித்தால் அழகாக வானம் என்று வருகிறது. இதில் மட்டும் விசை மேல் அச்சிட்ட ஆங்கில எழுத்தே வந்து விழுகிறது.

இந்த முறை பிடி கிடைத்தது ஆனந்தவள்ளிக்கு. ஜெஸ்லின் இணையத்திலிருந்து இறக்கியது, தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே கட்டி எடுத்து வரும் பொட்டலம். சமையல்காரர் சொந்தப் பாத்திரத்தோடு வருவதுபோல. அந்த மூட்டையில் தமிழ்த் தட்டச்சோடு சேர்க்கும் இணைப்பு இல்லை. வெளியே இருப்பதையும் அது எடுத்துக்கொள்ளாது. ஆனந்தவள்ளி அதை நீக்கிவிட்டு, லினக்ஸின் சொந்தக் கிடங்கில் இருந்த அதே மென்பொருளைப் போட்டாள். எந்தத் தட்டச்சு முறையைக் கேட்க வேண்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்தாள்.

"இது கொஞ்சம் பழைய பதிப்பு. பரவாயில்லையா? புதுசுல நிறைய அலங்காரம் இருந்துச்சு."

"அலங்காரத்த வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று சொல்லிக்கொண்டே ஜெஸ்லின் மறுபடி அடித்தாள்.

"வானம்" என்றது குரல், தமிழில்.

ஜெஸ்லின் அந்தச் சொல்லின் மேல் அம்புக்குறியை முன்னும் பின்னும் நகர்த்தி, வா, னம் என்று அசை அசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க அவள் எழுதினாள். பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தால் லூர்துராணி இரண்டு முறை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள். ஒரு சுரத்தைப் போடுவாள், கேட்பாள், அழிப்பாள், வேறொன்றைப் போடுவாள். முன்பெல்லாம் தைரியராஜுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று முதலில் தோன்றியதையே வாசித்துவிட்டு விட்டுவிடுவாள். ஒரே வரியை மனசுக்குத் திருப்தியாகும் வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பது அவளுக்கு இப்போதுதான் வாய்த்தது. ஆண்களின் மேல்குரலான டெனருக்கென்று ஒரு தனி வழி அமைந்தது. கனத்த ஆண்குரலான பேஸ் ஓரிடத்தில் மற்ற மூன்று குரல்களையும் விட்டு ஆழத்தில் இறங்கி, தனியாக நடந்து, பிறகு மேலேறி வந்து சேர்ந்துகொண்டது. அதை எழுதி முடித்த அன்று அவள் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தாள்.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் கொடுத்து அச்சிட்டு வாங்கிய தாள்களை, ஈஸ்டருக்கு அடுத்த பயிற்சியில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். தைரியராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் டீச்சர் எழுதிக் கொடுத்தது? இவ்வளவு சுத்தமா?"

"நான்தாண்ணே."

"இல்ல, கம்ப்யூட்டர்ல அடிச்சது யாருன்னு..."

"அதுவும் நான்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் வரியை மெல்ல முனகிப் பார்த்தார். பாதியில் நின்றார். "இந்த இடத்துல என் பாட்டு தனியாப் போகுது டீச்சர். ரொம்பக் கீழ வேற போகுது. கஷ்டமாச்சே."

"கஷ்டம்தான். உங்க குரல நெனச்சுத்தான் எழுதுனேன். வேற யாராலயும் அங்க இறங்க முடியாது."

தைரியராஜ் தாளைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்கப் பணிமனையில் அவர் முனகிக்கொண்டே வேலை பார்த்ததாகவும், கூட இருந்தவர்கள் தலைவலி என்று சொன்னதாகவும் பிறகு தெரிந்தது.

பொன்விழாத் திருப்பலி காலையில். கோயில் நிரம்பி, பந்தலும் நிரம்பி, சாலை ஓரம் வரை ஆட்கள் நின்றார்கள். ஆனந்தவள்ளி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோயிலுக்குள் எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று தெரியாமல், பக்கத்தில் லூர்துராணி செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளும் செய்தாள்.

எல்லாருக்கும் நன்மை அப்பம் வழங்கி முடிந்ததும் பாட்டு தொடங்கியது. முதலில் பெண்களின் மேல்குரல் மட்டும், மெல்ல. பிறகு ஆல்டோ வந்து கீழே கைகொடுத்தது. டெனர் ஏறியது. "வானம் திறந்தது" என்ற வரி வரும்போது நான்கும் ஒன்றாக விரிந்து, ஓடு வேய்ந்த அந்தச் சின்னக் கோயில் பெரிதாகிவிட்டது போலிருந்தது. பிறகு எல்லாரும் அடங்க, தைரியராஜ் ஒருவர் மட்டும் இறங்கினார். இறங்கிக்கொண்டே போனார். பெஞ்சுப் பலகையில் அந்த அதிர்வை ஆனந்தவள்ளி உள்ளங்கையில் உணர்ந்தாள். அங்கிருந்து அவர் படிப்படியாக மேலேறி வந்து மற்றவர்களோடு சேர்ந்தபோது, அவள் லூர்துராணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்குமே தெரியாது.

ஜெஸ்லின் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே வாசித்தாள். அவள் போட்ட சுரம் ஒவ்வொன்றும் அவள் போட்ட இடத்தில் இருந்தது.

பாட்டு முடிந்தது. பூசையில் கை தட்டுவது வழக்கமில்லை. ஆனாலும் பந்தலில் யாரோ தொடங்க, சாலை வரைக்கும் கைதட்டல் ஓடியது. பங்குத்தந்தை அது ஓயும்வரை காத்திருந்தார். பிறகு ஒலிபெருக்கியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"கடைசி ஆசீர் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி அந்தப் பாட்ட இன்னொரு தடவை கேட்டா என்ன? ஜெஸ்லின் டீச்சர், முடியுமாம்மா?"

ஜெஸ்லின் திரும்பி, குழு நின்ற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். தாள்கள் சரசரத்தன. முதல் தடவையைவிடக் கொஞ்சம் வேகமாக எடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கையைத் தூக்கினாள்.